கரையில் காத்திருக்கும் கொசு

கேள்வி:

டாக்டர், போன பிப்ரவரியில் நானும் கணவரும் அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போய் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டு வந்தோம். கடலுக்குள் எங்களுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் கரையில் கொசு பிடுங்கித் தள்ளிவிட்டது. முழங்காலுக்குக் கீழே மட்டும் எனக்கு நாற்பதுக்கு மேல் தடிப்பு. தினமும் காலையில் மறக்காமல் ஓடோமாஸ் தடவிக்கொண்டுதான் கிளம்பினோம். அப்படியும் இந்தக் கதி. கணுக்காலில் ஒரு கடி புண்ணாகிச் சீழ் வைத்ததால் கடைசி இரண்டு நாள் நான் படகில் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்த்தேன். ஊர் திரும்பிய ஆறாம் நாள் கணவருக்குக் காய்ச்சல், மூட்டெல்லாம் வலி. முதலில் காட்டிய இடத்தில் சாதாரண வைரல் காய்ச்சல் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் கழித்து வேறு இடத்தில் ரத்தம் சோதித்தபோதுதான் டெங்கு என்று தெரிந்தது.

வரும் ஜனவரியில் பன்னிரண்டு வயது மகனையும் அழைத்துக்கொண்டு மறுபடி போகிறோம். அவனும் கோர்ஸ் சேரப்போகிறான். எந்தக் களிம்பு வாங்குவது? மலேரியா மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டுமா? கடல் தண்ணி பட்டால் புண் தானாக ஆறிவிடும் என்கிறார் என் மாமியார், அது சரியா? டெங்கு இரண்டாம் முறை வந்தால் ஆபத்து என்கிறார்களே, இவர் வரலாமா? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது அம்மா. ‘தினமும் காலையில் தடவிக்கொண்டுதான் கிளம்பினோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் ஹேவ்லாக் கடலில் பலமுறை இறங்கியிருக்கிறேன், அந்தக் காலை நேரம் எனக்கும் பழக்கம். ஆறரைக்குக் களிம்பு தடவியிருப்பீர்கள், ஏழரைக்குப் படகு, எட்டரைக்குத் தண்ணீருக்குள். முக்கால் மணி நேரம் கழித்து மேலே வரும்போது தோலில் களிம்பு மிச்சம் இருக்காது. உப்புத் தண்ணீரும் உடையின் உரசலும் சேர்ந்து துடைத்து எடுத்துவிடும். அதற்குப் பிறகு இரவு வரைக்கும் நீங்கள் வெறும் தோலோடுதான் நடமாடியிருக்கிறீர்கள். வீட்டில் இருப்பவருக்குக் காலை, மாலை என்று கணக்கு வைத்தால் போதும். கடலில் இறங்குபவர் எத்தனை முறை தண்ணீரை விட்டு ஏறுகிறாரோ அத்தனை முறை தடவ வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கடியில் பாதி குறையும் என்பது என் அனுபவம்.

டைவ் முடிந்து கரைக்கு வந்ததும் என்ன செய்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். வெட்சூட்டை இடுப்பு வரை உரித்துவிட்டுத் தென்னை நிழலில் உட்கார்கிறோம். ஒரு கையில் டீ. நெமோ ரீஃபில் பார்த்த மீன்களின் பெயரை லாக்புக்கில் எழுத, மேஜையைச் சுற்றி எல்லோரும் குனிந்திருக்கிறோம். கால்கள் மேஜைக்கு அடியில், நிழலில், ஈரமாக இருக்கின்றன. உடம்பில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஏடிஸ் கொசு வருவது அங்கேதான். அது காதருகே வந்து ரீங்காரம் போடுவதில்லை. தரையோடு தாழப் பறந்து வந்து கணுக்காலின் பின்புறத்தில் உட்காரும். பேச்சு சுவாரசியத்தில் நமக்குத் தெரியாது. அறைக்குப் போய்க் குளிக்கும்போதுதான் அரிப்பு தொடங்கும். உங்கள் நாற்பது தடிப்பும் முழங்காலுக்குக் கீழே இருந்ததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது இந்தப் பகல் கொசுதான். விடிந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரமும், சூரியன் சாயும் முன் இரண்டு மூன்று மணி நேரமும் இதற்கு வேகம் அதிகம். படகு கிளம்பும் நேரமும், மத்தியான டைவ் முடிந்து திரும்பும் நேரமும், இரவு டைவுக்காகக் கரையில் கூடும் நேரமும் அதுவே. ராத்திரி கொசுவலைக்குள் படுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் டெங்குவுக்கு எதிராக ஒன்றும் செய்யவில்லை என்றே சொல்வேன். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுதான் இருட்டிய பிறகு விடியும் வரை கடிக்கும். அந்தமான் நிகோபாரில் அனாஃபிலிஸ் சண்டைக்கஸ் என்ற வகைக்கு உவர்நீரிலும் முட்டையிடத் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு கடல் நீர் உள்ளே புகுந்து தேங்கிய பள்ளங்கள் அங்கே பெரிய கவலையானது அதனால்தான். அந்தத் தீவுகளின் பழைய கதையிலும் நோய்க்குப் பங்கு உண்டு. 1789இல் ஆங்கிலேயர் அமைத்த முதல் குடியேற்றத்தை 1792இல் வடக்கே மாற்றினார்கள். அங்கே நோயில் ஆட்கள் மடிந்துகொண்டே இருக்க, 1796இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

ஏடிஸுக்குக் குளம் குட்டை வேண்டாம். வெட்டிப்போட்ட இளநீர்க் கூட்டில் இரண்டு டம்ளர் மழைத் தண்ணீர் போதும். ஹேவ்லாக்கில் பாக்குத் தோப்புகள் நிறைய. கீழே விழுந்து கிடக்கும் பாக்கு மட்டையின் குழிவில் நிற்கும் தண்ணீரே அதற்குத் தொட்டில். டைவ் சென்டரிலேயே இன்னொன்றும் இருக்கிறது. ரெகுலேட்டரையும் மாஸ்க்கையும் அலசுவதற்கு நல்ல தண்ணீர் நிரப்பிய தொட்டிகள் வைத்திருப்பார்கள். தினம் தண்ணீர் மாற்றும் தொட்டியால் கெடுதல் இல்லை. ஓரமாகத் தள்ளிவைத்த பழைய தொட்டிதான் பிரச்சினை. முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஏடிஸ் முட்டைக்கு இன்னொரு பலமும் உண்டு, தண்ணீர் வற்றினாலும் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். போனதும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். தொட்டியில் புழு நெளிந்தால் அங்கிருப்பவர்களிடம் சொல்லத் தயங்காதீர்கள். அவர்களும் அங்கேதான் குடியிருக்கிறார்கள், நன்றியோடு கேட்டுக்கொள்வார்கள்.

களிம்புக்கு வருகிறேன். ஓடோமாஸில் இருக்கும் டைஎத்தில் பென்சமைடு நல்ல மருந்துதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். நாள் முழுக்க வெளியில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது டீட் அல்லது பிக்காரிடின். டீட்டை 1940களில் அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்காக உருவாக்கியது. 20 முதல் 30 சதவீதம் உள்ளதை வாங்குங்கள், நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். ஐம்பதுக்கு மேல் போனால் பாதுகாப்பு கூடுவதில்லை. பிக்காரிடின் 20 சதவீதம் ஏறக்குறைய இதற்கு ஈடு. வாடை குறைவு, பிசுபிசுப்பும் குறைவு.

டைவ் செய்பவருக்கு இந்த இரண்டில் நான் பிக்காரிடினைத்தான் சொல்வேன். டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். என் முதல் டைவ் கம்ப்யூட்டரை இன்னும் வைத்திருக்கிறேன். அதன் முகப்பில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. காலில் டீட் தடவிய கையோடு அதைக் கட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். துடைத்தும் போகவில்லை, தேய்த்தும் போகவில்லை. ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் எண்களுக்கு மேலே பனி படிந்த மாதிரி ஒரு வெள்ளை. மாஸ்க்கின் சட்டம், கேமராவின் ஒளிபுகும் பெட்டி, கண்ணாடிச் சட்டம், வெட்சூட்டுக்கு அடியில் போடும் ஸ்பாண்டெக்ஸ் துணி எல்லாவற்றுக்கும் அதே ஆபத்து உண்டு. பருத்தியையும் நைலானையும் அது ஒன்றும் செய்யாது. கையில் டீட்தான் இருக்கிறது என்றால் தடவிய பிறகு உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கருவிகளைத் தொட வேண்டும். பிக்காரிடினில் இந்தத் தொல்லை இல்லை.

வெயிலுக்கான சன்ஸ்கிரீனும் பூசுவீர்கள். அதை முதலில் பூசி, காய்ந்த பிறகு கொசுக் களிம்பு. இரண்டும் சேர்ந்த ஒரே களிம்பு வேண்டாம். சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும், கொசு மருந்தை அவ்வளவு அடிக்கடி பூசக்கூடாது.

கடலில் இறங்கும் முன் களிம்பே வேண்டாம் என்பது என் பழக்கம். அரை மணியில் கரைந்து போவதைப் பவளப்பாறை மேல் ஏன் கழுவிவிட வேண்டும்? நெற்றியில் பூசினால் மாஸ்க்குக்குள் தண்ணீரோடு இறங்கிக் கண்ணும் எரியும். அந்த நேரத்துக்குத் துணிதான் காவல். முழுக்கை, முழுக்கால் உடையை அறையிலேயே போட்டுக்கொண்டு, காலுறையும் மாட்டிக்கொண்டு படகுக்குப் போங்கள். மெல்லிய லைக்ரா இறுக்கமாக இருந்தால் கொசு அதற்கு மேலிருந்தே கடிக்கும், வெட்சூட்டைக் கடிக்க முடியாது. வெட்சூட்டை நிழலான வராந்தாவில் தொங்கவிட்டிருந்தால் உதறிவிட்டுப் போடுங்கள். கறுப்பு, ஈரம், நிழல் மூன்றும் சேர்ந்தால் கொசு அதற்குள் போய் ஒதுங்கிவிடும். டைவ் முடிந்து வந்ததும் நல்ல தண்ணீரில் உடம்பை அலசி, துடைத்து, காலில் தொடங்கிக் களிம்பு பூசுங்கள். பிறகு டீ குடிக்கலாம். களிம்புப் பாட்டில் அறையில் இருக்கக்கூடாது, டைவ் பையில் துண்டோடு இருக்க வேண்டும். அறையில் இருக்கும் களிம்பை யாரும் போய் எடுத்துவர மாட்டார்கள்.

கரையில் போடும் துணியில் பெர்மெத்ரின் தெளிக்கும் வழக்கம் வெளிநாட்டுப் பயணிகளிடம் உண்டு. கொசு அந்தத் துணியில் உட்கார்ந்தாலே சாகும். கால்சட்டைக்கும் சட்டைக்கும் நல்லது. ஆனால் மீனுக்கும் இறாலுக்கும் அது கொடிய நஞ்சு. வெட்சூட்டிலோ நீச்சல் உடையிலோ ஒரு துளியும் படக்கூடாது. தெளித்த துணியைக் கடலிலும் ஓடையிலும் அலசக்கூடாது. எதைப் பார்க்க அவ்வளவு தூரம் போகிறோமோ அதற்கே நஞ்சு வைத்துவிட்டு வர வேண்டாம்.

அறையில் மின்விசிறியைக் கால்பக்கம் படும்படி வையுங்கள். கொசு வலுவாகப் பறக்கும் பூச்சி இல்லை, காற்றை எதிர்த்து அதனால் நிற்க முடியாது. நம் மூச்சின் வாடையையும் காற்று கலைத்துவிடுகிறது. வலையில் ஓட்டை இருக்கிறதா என்று பகலிலேயே பாருங்கள். கையில் கட்டும் வாசனை வளையம், சத்தம் எழுப்பும் கருவி, வைட்டமின் மாத்திரை, பூண்டு இவற்றுக்குக் காசு செலவழிக்க வேண்டாம், பலன் இல்லை.

உங்கள் நாற்பதில் எல்லாமே கொசுக்கடியாக இருக்காது என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. ராதாநகர் கடற்கரையிலும் காலாபத்தரிலும் சாயங்காலம் மணலில் உட்கார்ந்தவர்களுக்கு மணல் ஈயைத் தெரியும். கண்ணுக்கே சரியாகத் தெரியாத பொடிப் பூச்சி, சாதாரணக் கொசுவலையின் கண்ணிலும் நுழைந்துவிடும். கொசுக்கடி இரண்டு மூன்று நாளில் அடங்கும். இது முதல் நாள் புள்ளியாக இருந்து, மறுநாள் கொப்புளமாகி, இரண்டு வாரம் வரை அரித்துக்கொண்டே இருக்கும். இதற்கு மட்டும் தேங்காய் எண்ணெயைக் கெட்டியாகப் பூசிக்கொள்வது உதவுகிறது. பூச்சி எண்ணெயில் ஒட்டிக்கொள்கிறது, தோல்வரை அதன் வாய் எட்டுவதில்லை. அதோடு, துண்டை விரித்து மணலில் படுக்காமல் நாற்காலியில் உட்காருவது.

இனிக் கடித்த பிறகு. கொசு ரத்தம் உறையாமல் இருக்கத் தன் எச்சிலை உள்ளே விடுகிறது. அந்த எச்சிலுக்கு எதிராக நம் உடம்பு செய்யும் கலகம்தான் தடிப்பும் அரிப்பும். சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு துணியில் ஐஸ் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு கேலமைன் லோஷன். அடங்காவிட்டால் ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு, நாளுக்கு இரண்டு முறை, சில நாட்களுக்கு மட்டும், தோல் கிழியாத இடத்தில் மட்டும். நிறையக் கடித்திருந்தால் செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரையை டைவ் முடிந்த பிறகு ராத்திரியில் போடலாம். அவில் போலத் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகளை டைவுக்கு முந்தின இரவும் அன்று காலையும் தொடக்கூடாது. ஆழத்தில் நைட்ரஜனே மூளையை மந்தமாக்கும், அதன் மேல் மாத்திரை மயக்கமும் வேண்டாம். சுண்ணாம்பு தடவும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது காரம், ஊறிய தோலைப் புண்ணாக்கிவிடும். பற்பசையும் வேண்டாம்.

உங்கள் கணுக்கால் புண்ணுக்கு வருவோம். நீங்கள் எழுதாவிட்டாலும் நடந்ததை என்னால் சொல்ல முடியும். முதல் நாள் கடித்தது. ராத்திரி தூக்கத்தில் சொறிந்தீர்கள், மேல்தோல் போனது. மறுநாள் ஒன்றரை மணி நேரம் தண்ணீரில் ஊறி, விரலால் தள்ளினால் நகரும் அளவுக்குத் தோல் மெத்தென்று ஆனது. அதன் மேல் ஃபின் பட்டை ஒவ்வொரு உதைக்கும் உரசியது. மூன்றாம் நாள் சிவந்து, சூடாகி, நான்காம் நாள் சீழ். வெப்பமண்டலத் தீவுகளில் டைவ் போகிறவர்கள் நடுவில் நிறுத்த வேண்டி வருவதற்கு இது மிகவும் சாதாரணமான காரணம். கடிபட்ட அன்றே நகத்தை ஒட்ட வெட்டி, இரவில் காலுக்கு மெல்லிய பருத்திக் காலுறை போட்டிருந்தால் பாதி தவிர்த்திருக்கலாம்.

மாமியாரின் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. உப்புத் தண்ணீரில் புண் கழுவுவது பழைய வைத்தியம், காய்ச்சி ஆறவைத்த உப்பு நீருக்கு அது சரி. கடல் வெறும் உப்புத் தண்ணீர் இல்லை. வெதுவெதுப்பான கடலில் விப்ரியோ என்ற கிருமிக் குடும்பமே வாழ்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சர்க்கரை நோயாளிக்கும், கல்லீரல் பழுதானவருக்கும் கிழிந்த தோல் வழியாக அது புகுந்தால் இரண்டே நாளில் உயிருக்கு ஆபத்தாகலாம். தோல் கிழிந்த புண் இருந்தால் அது மூடும்வரை கடலில் இறங்காமல் இருப்பதே நல்லது. தெரியாமல் இறங்கிவிட்டால் ஏறியதும் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, துடைத்து, சுத்தமான துணியால் மூடுங்கள். சிவப்பு பரவுகிறதா என்று பார்க்க, அதன் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டுவையுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தொடையிடுக்கில் நெறி கட்டினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும், ஆன்டிபயாடிக் தேவைப்படும். மழை பெய்திருந்தால் அந்தப் புண்ணோடு வெறுங்காலில் சேற்றில் நடக்கவும் வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்தமானில் நெடுங்காலமாக இருக்கும் நோய், அதற்கும் கிழிந்த தோல்தான் வாசல்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை விட்டால் என் மனம் ஒப்பாது. டைவ் முடிந்து வந்தவருக்கு வரும் எல்லா அரிப்பும் பூச்சிக்கடி இல்லை. ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், மேலே வரும்போது குமிழாகி நோய் உண்டாக்குவது உண்டு. அது தோலிலும் தெரியும். வயிறு, இடுப்பு, தொடை, மார்பு போன்ற சதைப்பற்றான இடங்களில் சலவைக்கல்லில் ஓடும் நரம்பு மாதிரி ஊதாவும் சிவப்புமாகத் திட்டுத்திட்டாக வரும், அரிக்கும், எரியும். கொசுக்கடி அப்படி இருக்காது. தனித்தனியாகப் புடைத்து, நடுவில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, அதுவும் துணி மூடாத இடத்தில். நீச்சல் உடைக்குள்ளே மூடியிருந்த இடத்தில் மட்டும் தடிப்பு வந்தால் அது பெரும்பாலும் ஜெல்லிமீன் இனக் குஞ்சுகளின் கொட்டு.

மூட்டுவலியிலும் இதே குழப்பம் உண்டு. குமிழ் நோயின் வலி பெரும்பாலும் டைவ் முடிந்த சில மணி நேரத்தில், கிட்டத்தட்ட எல்லாருக்கும் 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும், காய்ச்சல் இருக்காது. டெங்கு, சிக்குன்குனியா வலி கடித்த பல நாள் கழித்து, காய்ச்சலோடு வரும். இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் பத்து நாள் பயணத்தில் எட்டாம் நாள் டைவ் முடித்துவிட்டு மூட்டு வலிக்கிறது என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அப்போது கொசுவைக் காரணம் காட்டிக் கட்டிலில் படுத்துவிடாதீர்கள். உடனே பயிற்சியாளரிடம் சொல்லுங்கள், ஆக்சிஜன் கொடுக்கத் தொடங்குவார். குமிழ் நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை போர்ட் பிளேரில் கடற்படை மருத்துவமனையில் இருக்கிறது. குமிழ் நோய் இல்லை என்று முடிவான பிறகு மற்றதைப் பார்க்கலாம். காய்ச்சல் இருக்கும் யாரும் எக்காரணம் கொண்டும் டைவ் போகக்கூடாது, உடம்பில் நீர்ச்சத்து குறைந்தால் குமிழ் நோய்க்கு வாய்ப்பு அதிகம்.

மலேரியா மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். ஹேவ்லாக்கில் சில நாள் தங்கிவிட்டு வரும் உங்களைப் போன்ற குடும்பத்துக்குக் கடியைத் தடுப்பதிலேயே முழுக் கவனத்தையும் வைக்கச் சொல்வேன். உங்கள் மருத்துவர் உடல்நிலையைப் பார்த்து வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். இடத்துக்கு இடம் இது மாறும். மாலத்தீவு 2015இலும் இலங்கை 2016இலும் மலேரியா இல்லாத நாடுகள் என்று உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டன. திரிகோணமலைக்கோ மாலேவுக்கோ டைவ் போகிறவருக்கு டெங்கு, சிக்குன்குனியா பயம்தான். அதே டைவ் பையைத் தூக்கிக்கொண்டு இந்தோனேசியாவின் பப்புவா பக்கம், ராஜா அம்பட்டுக்குப் போனால் மாத்திரை இல்லாமல் போகக்கூடாது. அப்படிப் போகும்போது மருத்துவரிடம் ‘நான் டைவ் செய்பவர்’ என்று முதலிலேயே சொல்ல வேண்டும். மெஃப்ளோகுவின் என்ற மாத்திரை சிலருக்குத் தலைசுற்றலும் பதற்றமும் தரும், முப்பது மீட்டர் ஆழத்தில் அது வரக்கூடாது. டாக்சிசைக்ளின் போடலாம், ஆனால் வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கருகும், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், திரும்பி வந்தும் நான்கு வாரம் தொடர வேண்டும். அட்டோவகுவோன், புரோகுவானில் சேர்ந்த மாத்திரையைத் திரும்பி வந்து ஏழு நாளில் நிறுத்திவிடலாம். எதுவாக இருந்தாலும் ஊரிலேயே சில நாள் போட்டுப் பார்த்து, உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

உங்கள் கணவர் வரலாமா? வரலாம். டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்தால் அந்த வகைக்கு எதிரான காப்பு நீண்ட நாள் இருக்கும், மற்ற மூன்றும் தாக்கலாம். இரண்டாவதாக வேறு வகை தாக்கும்போது நோய் கடுமையாக வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. திருப்பூரிலும் அந்தக் கொசு இருக்கிறது, வீட்டில் இருப்பதால் மட்டும் அவர் தப்பிவிட மாட்டார். ஆனால் குடும்பத்தில் களிம்பு விஷயத்தில் யாருக்கும் சலுகை இல்லை என்றால், அவருக்கு இரண்டு மடங்கு இல்லை. ரத்த அணுக்கள் சரியாகி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காத அளவுக்குத் தெம்பு திரும்பியிருக்கிறதா என்று மட்டும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். டெங்கு விட்டுப் போன அசதி சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும்.

அவருக்கு முதலில் காட்டிய இடத்தில் நேர்ந்ததைப் படித்து வருத்தப்பட்டேன். ‘எங்காவது வெளியூர் போனீர்களா?’ என்ற ஒரு கேள்வி மூன்று நாளை மிச்சப்படுத்தியிருக்கும். இனி யாரும் கேட்கக் காத்திருக்க வேண்டாம். திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், வாசலிலேயே ‘அந்தமான் போய் வந்தோம், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை’ என்று சொல்லுங்கள். முதல் ஐந்து நாளுக்குள் என்றால் டெங்குவுக்கு என்எஸ்1 சோதனை, அதற்குப் பிறகு ஐஜிஎம். அதே ரத்தத்தில் மலேரியாவும் பார்க்கச் சொல்லுங்கள். மலேரியா சில வாரம் கழித்தும் வரும். வைவாக்ஸ் வகை கல்லீரலில் ஒளிந்திருந்து சில மாதம் கழித்தும் எழும். அதனால் சித்திரையில் வரும் காய்ச்சலுக்கும் தை மாதப் பயணத்தைச் சொல்ல வேண்டும்.

டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டும். புரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டும். மூட்டுவலிக்காக அப்படி ஓர் ஊசி போட வந்தால் என்ன மருந்து என்று கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நிலவேம்புக் குடிநீர் குடிப்பதாக இருந்தாலும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். டெங்குவில் பலரும் ஏமாறுவது காய்ச்சல் இறங்கும் நாளில்தான். சரியாகிவிட்டது என்று எழுந்து நடமாடத் தொடங்கும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரைதான் ஆபத்துக் கட்டம். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, சிறுநீர் குறைவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி.

மகனுக்கு. பன்னிரண்டு வயதுக்கு 30 சதவீதம் வரையிலான டீட்டோ, பிக்காரிடினோ தாராளமாகப் பூசலாம். ஆனால் அவன் கையில் பாட்டிலைக் கொடுக்காமல் நீங்களே பூசிவிடுங்கள். முகத்துக்கு நேராகத் தெளிக்காமல், உங்கள் உள்ளங்கையில் எடுத்துக் காதின் பின்புறம், கழுத்து, முழங்கால் மடிப்பு, கணுக்கால் என்று தொடுங்கள். அவன் உள்ளங்கையில் வேண்டாம், டைவ் முடிந்த பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் இருப்பார்கள். முதல் நாள் ரீஃபைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது அவனுக்குச் சொல்ல ஆயிரம் இருக்கும், ஓரிடத்தில் நிற்க மாட்டான். அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டே காலைத் துடைத்து, களிம்பைப் பூசி முடித்துவிடுங்கள்.